எலும்புக்கு ஒரு சீட்

குரங்குப் பெடல் போட்டுச் சைக்கிள் கற்ற தலைமுறைக்கு சீட் உட்காரும் இடமே இல்லை. அக்குளில் இடுக்கிக்கொள்ளும் பிடிமானம். இடது கை ஹேண்டில்பாரில் இருக்கும். வலது கை சீட்டின் மேலாக வளைந்து பாரைப் பிடித்திருக்கும். வலது கால் பாருக்குக் கீழே நுழைந்து அந்தப் பக்கத்துப் பெடலைத் தேடும். நாம் ஒரு பக்கம் சாய, வண்டி மறுபக்கம் சாய, அரைப் பெடலிலேயே தெருவை அளந்துவிடுவோம். தேறினால் பார். கால் எட்டிய பிறகுதான் சீட். அவ்வளவு காத்திருந்து ஏறி உட்கார்ந்த இடத்தைப் பற்றி அதற்கப்புறம் யாரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை என்பதுதான் வேடிக்கை. டயர், பிரேக், டைனமோ, ஓவராயில் என்று கடையில் பொழுது போவது தெரியாமல் பேசுவார்கள். சீட்டைப் பற்றிப் பேச்செடுத்தால் எங்கே வலிக்கிறது என்று சொல்ல வேண்டியிருக்கும் இல்லையா?

நான் கற்றது புதுக்கோட்டையில், 1991-92 வாக்கில். அறிவொளி இயக்கம் எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளையும் பெண்கள் கையில் கொடுத்த காலம். ஷீலா ராணி சுங்கத் அப்போது ஆட்சியர். கல் குவாரியில் வேலை பார்த்தவர்கள், அங்கன்வாடி ஆசிரியைகள், களையெடுக்கப் போகிறவர்கள் எல்லாரும் ஓட்டினார்கள். லேடீஸ் சைக்கிளுக்கு அத்தனை தட்டுப்பாடு. பார் வைத்த ஆண்கள் சைக்கிளிலேயே ஏறினார்கள். பாரில் பிள்ளையை உட்காரவைத்துக்கொள்ளலாம் என்று அதையே விரும்பிக் கேட்டவர்களும் உண்டு. அந்தச் சீட் யார் உடம்புக்குச் செய்தது என்ற கேள்வி எழ அங்கே இடமே இல்லை. ஓட்டக் கிடைத்ததே பெரிது. வலித்தது, "போகப் போகப் பழகிடும்டி" என்றார்கள். பழகியும்விட்டது. ஓட்டிய தூரம் குறைவு. அதைவிட முக்கியம், அந்தக் காலத்து வண்டியில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருப்போம்; அடியில் அகலமான ஸ்பிரிங் சீட்.

இப்போது இருப்பது திருச்சியில். காலையில் காவிரிக் கரையோரமாக முக்கொம்புப் பக்கம் போய்வர ஒரு கியர் சைக்கிள் வாங்கியபோதுதான் சீட் தன் குணத்தைக் காட்டியது. அந்த வண்டியில் ஹேண்டில்பாரும் சீட்டும் ஏறக்குறைய ஒரே உயரம். உடம்பு தானாக முன்னால் சாய்கிறது. அரை மணி நேரத்தில் கவட்டை எரியும். இன்னும் கொஞ்சம் போனால் மரத்துப்போகும். கடைக்குப் போய், "சீட் கொஞ்சம் உறுத்துது தம்பி" என்றேன். அதற்கு மேல் ஒரு சொல் சேர்க்க எனக்கு வாய் வரவில்லை. கேட்க அவனுக்கும் வரவில்லை. "ஜெல் கவர் போட்டுக்குங்க மேடம், மெத்துன்னு இருக்கும்" என்று எடுத்து நீட்டினான். இரண்டு பேருடைய கூச்சத்துக்கும் சேர்த்து நானூற்றுச் சொச்சம் ரூபாய் ஆயிற்று.

மெத்தென்றுதான் இருந்தது, முதல் பத்து நிமிடத்துக்கு. கடையில் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்துச் சீட் வாங்குகிறோம். விரலுக்கு இதமாக இருக்கும் பொருள் அறுபது கிலோ பாரம் ஏறியதும் என்ன ஆகும் என்பது வேறு கணக்கு. சிமெண்டுத் தரையில் சம்மணம் போட்டு நிமிர்ந்து உட்கார்ந்து, உள்ளங்கைகளைப் புட்டத்துக்கு அடியில் கொடுத்துப் பாருங்கள். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு எலும்பு முண்டுகள் கையைக் குத்தும். இடுப்பெலும்பின் அடிமுனைகள் அவை. உட்காரும்போது பாரம் தாங்குவது அவற்றின் வேலை. மிகவும் மிருதுவான சீட்டில் அந்த இரண்டும் புதைந்துவிடும். புதைந்த இடத்துப் பஞ்சு நடுவில் மேலே பொங்கி, பாரம் தாங்கக் கூடாத இடத்தை அழுத்தும். புடெண்டல் நரம்பும் அதையொட்டிய ரத்தக் குழாய்களும் ஓடுகிற இடம் அது. அங்கே மரத்துப்போவதைப் பழகிக்கொள்ளச் சொல்வது, கையைக் கட்டிப்போட்டு விரல் மரத்தால் பழகிக்கொள் என்பதற்குச் சமம்.

இதை வாய்விட்டுப் பேசவைக்க அமெரிக்காவில் ஓர் அரசு நிறுவனமே வேண்டியிருந்தது. தொழிலிடப் பாதுகாப்பையும் சுகாதாரத்தையும் ஆராய்கிற தேசிய நிறுவனம் அது. சைக்கிளில் ரோந்து போகும் போலீஸ்காரர்களிடம், முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் மூக்கே இல்லாத சீட்டைக் கொடுத்து ஆறு மாதம் ஓட்டச் சொன்னது. முடிவுகள் 2008இல் வெளிவந்தன. கவட்டையில் விழுந்த அழுத்தம் பாதிக்கு மேல் குறைந்தது. மரத்துப்போகிறது என்று சொன்னவர்களின் எண்ணிக்கையும் நன்றாகச் சரிந்தது. நம்மூர் பீட் கான்ஸ்டபிள் ஒருவரிடம் இந்தக் கேள்வித்தாளை நீட்டினால் என்ன பதில் வரும் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

ஆனால் இதெல்லாம் புதுக் கண்டுபிடிப்பு என்று நினைக்க வேண்டாம். 1890களிலேயே அமெரிக்காவில் கிறிஸ்டி என்ற பெயரில் ஒரு சீட் விற்றார்கள். நடுவே காலி, இரண்டு எலும்புகளுக்கும் தனித்தனியாக ஒரு சிறு மெத்தை. அப்போது பெண்கள் திரளாகச் சைக்கிள் ஏற ஆரம்பித்திருந்தார்கள். சில மருத்துவர்களுக்குப் பெரிய கவலை: பெண்களுக்கு வலிக்குமே என்பது இல்லை, சீட்டில் உரசி அவர்களுக்கு ஏதாவது சுகம் கிடைத்துவிடுமோ என்று! அந்தக் கவலையின் புண்ணியத்திலும் கொஞ்சம் நல்ல சீட்கள் பிறந்தன.

ஜெல் கவரைக் கழற்றிவிட்டு நான் செய்தது எளிய காரியம். உள்ளே வரிவரியாக மடிப்பு வைத்த அட்டைப் பெட்டி எல்லா வீட்டிலும் பரணில் கிடக்கும். அதில் ஒரு துண்டை வெட்டி வாசல்படியில் போட்டு, மெல்லிய துணியோடு உட்கார்ந்து, முழங்காலைக் கொஞ்சம் உயர்த்தி, முன்னால் சாய்ந்து அழுத்த வேண்டும். எழுந்து பார்த்தால் இரண்டு பள்ளங்கள் தெரியும். தெரியாவிட்டால் பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்தால் தெரியும். ஒரு பள்ளத்தின் நடுவிலிருந்து மற்றதன் நடுவுக்கு ஸ்கேல் வைத்தேன். எனக்கு 12.5 சென்டிமீட்டர். சீட்டின் ஓரங்கள் வளைந்து இறங்குவதால் அந்த அளவோடு இரண்டு மூன்று சென்டிமீட்டர் கூட்டி வாங்க வேண்டும். நிமிர்ந்து ஓட்டுகிறவர்களுக்கு இன்னும் அகலம் வேண்டும், குனிந்து ஓட்டுகிறவர்களுக்குக் குறைவு. இடுப்பு முன்னால் சாயச் சாய, எலும்பின் ஒடுங்கிய பகுதிதான் சீட்டில் படுகிறது. வண்டியோடு வந்த சீட் 13.5. அதன் சரிவில்தான் நான் இத்தனை நாள் உட்கார்ந்திருக்கிறேன், எலும்பு பாதி உள்ளே பாதி வெளியே.

என் வீட்டுக்காரரும் சிரித்துக்கொண்டே ஓர் அட்டையில் உட்கார்ந்தார். அவருக்கு என்னைவிட அரை சென்டிமீட்டர் அதிகம். சராசரியில் பெண்களுக்கு இந்த இடைவெளி கூடுதல்தான்; ஆனால் சராசரி சீட்டில் உட்காருவதில்லை. ரோஸ் நிறத்தில் பூப்போட்டு, பெண்களுக்கானது என்று அட்டை மாட்டித் தொங்கும் சீட் அவருக்குப் பொருந்தலாம், எனக்குப் பொருந்தாமல் போகலாம். மனிதர் பெரிதாக இருந்தால் எலும்பின் இடைவெளியும் பெரிதாக இருக்கும் என்பதும் இல்லை. சதை எவ்வளவு போட்டாலும் எலும்பு இருந்த இடத்தில்தான் இருக்கும்.

அப்பாவிடம் ஒரு சென்-ராலே இருந்தது, அசன்சோலில் செய்தது. அதன் சீட் வெறும் தோல். பஞ்சும் கிடையாது, ஸ்பான்ச்சும் கிடையாது. முன்னும் பின்னும் இரும்பில் இழுத்துக் கட்டிய தடித்த தோல், கயிற்றுக் கட்டில் போல ஆளின் பாரத்துக்குத் தொய்ந்து கொடுக்கும். மிகவும் தொய்ந்துவிட்டால் மூக்குக்கு அடியில் உள்ள நட்டைத் திருகி இறுக்கிக்கொள்ளலாம். இந்த வகைத் தோல் சீட்டின் மூலவர்களில் ஒருவர் இங்கிலாந்தின் ஜான் போல்ட்பீ புரூக்ஸ். 1866இல் பர்மிங்ஹாமில் குதிரைச் சேணத்துக்கான தோல் வேலையில் இறங்கியவர். குதிரை செத்துப்போய், சைக்கிளைக் கடன் வாங்கி ஓட்டி, புட்டம் நொந்து, நாமே ஒரு சீட் செய்தால் என்ன என்று யோசித்தார் என்பது அந்த நிறுவனம் சொல்லிக்கொள்ளும் கதை. 1882இல் காப்புரிமை வாங்கினார். அவர்களுடைய பி17 என்ற சீட் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் வந்தது. இன்றும் ஏறக்குறைய அதே வடிவில் விற்கிறது. தொட்டால் கட்டை. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓட்டிய பிறகுதான் எலும்பு படும் இரண்டு இடங்களிலும் பள்ளம் விழும். அதற்குப் பிறகு அதை விட்டுக் கொடுக்க யாருக்கும் மனசு வராது. அப்பாவின் சீட்டிலும் அந்த இரண்டு பள்ளங்களும் இருந்தன. அண்ணன் அந்த வண்டியை எடுத்துப்போன நாளெல்லாம் அவன் முகம் கோணிக்கொண்டுதான் திரும்பி வருவான். தோல் வெடிக்கக் கூடாது என்று அப்பா விளக்கெண்ணெய் தடவுவார். அவருடைய வேட்டிகளில் பின்பக்கம் மங்கலான ஒரு பழுப்புக் கறை எந்தச் சலவைக்கும் போகாமல் நிற்கும். அம்மா அந்தக் கறைக்காக அந்தச் சைக்கிளையே வெறுத்தாள். எண்ணெய் அதிகமானால் தோல் தளர்ந்துவிடும் என்பது அப்பாவுக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் மெழுகு தடவுகிறார்கள்.

எனக்குத் தோல் சீட் தோதுப்படவில்லை. மழைக்கும் வெயிலுக்கும் அதைப் பொத்திப் பொத்தி வைக்க எனக்குப் பொறுமை கிடையாது. கடைசியில் பொருந்தியது 15.5 சென்டிமீட்டர் அகலத்தில், நடுவில் ஆழமான வெட்டோடு, விரலுக்கு அமுங்காத கெட்டியான ஒன்று. ஆனால் சரியான சீட்டைத் தப்பாக மாட்டினால் பழைய கதைதான். எங்கள் தெருமுனையில் பஞ்சர் ஒட்டும் அண்ணன்தான் அதைச் சொல்லிக் கொடுத்தார். எத்தனை பேர் உட்கார்ந்து எழுவதை அவர் பார்த்திருப்பார்! அவரிடம் கூச்சமும் குறைவு.

"அக்கா, மூக்கு கீழ பாக்குது பாருங்க. வழுக்கி முன்னாடி வந்துட்டே இருப்பீங்க. தடுக்கக் கையை ஊணுவீங்க. மணிக்கட்டு வலிக்குமே?"

வலித்தது. அதை நான் அவரிடம் சொல்லியிருக்கவே இல்லை.

சீட்டுக்கு அடியில் கம்பியைக் கவ்விப் பிடிக்கும் கிளாம்ப்பில் பல் பல்லாக வெட்டியிருக்கும். பக்கத்து நட்டுகளைத் தளர்த்தி ஒரு பல் மேலே தூக்கினார். மூக்கு வானத்தைப் பார்த்தது. ஒரு பல் இறக்கினார், தரையைப் பார்த்தது. எனக்கு வேண்டியது இரண்டுக்கும் நடுவில். பழைய மாடல்களில் அந்த நடு கிடைக்காது. பல் இல்லாமல் இரண்டு போல்ட்டில் முன்னும் பின்னும் இம்மி இம்மியாகத் திருகும் வகை வேண்டும் என்று அவரே தேடிப் பிடித்து மாட்டினார். ஒரு ஸ்டீல் ஸ்கேலைச் சீட்டின் மேல் நீளவாக்கில் வைத்து, அதன் மேல் ரசமட்டத்தை வைத்துக் குமிழியைப் பார்த்தார். கொத்தனாரிடம் வாங்கி வந்த ரசமட்டம்.

உயரத்துக்கு அவர் வைத்திருந்த கணக்கு: பெடல் கீழே இருக்கும்போது அதில் குதிகாலை வைத்தால் முழங்கால் நேராக நீள வேண்டும், ஓட்டும்போது முன்பாதம் பெடலில் இருக்குமாதலால் முழங்கால் லேசாக மடங்கியபடி நிற்கும். சீட் அதற்கு மேல் போனால் பெடலை எட்ட இடுப்பு இடமும் வலமுமாக ஆடும், தொடை உரசிப் புண்ணாகும். கீழே போனால் கால் சரியாக மிதிக்காது. மிதிக்காத காலின் பாரமும் சேர்ந்து சீட்டில்தான் விழும். சீட் வலி என்று வருகிறவர்களில் பாதிப் பேருக்கு அவர் சீட்டை மாற்றுவதே இல்லையாம், உயர்த்தி அனுப்பிவிடுவாராம்.

துணியைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஜீன்ஸின் நான்கு தையல்களும் வந்து முடியும் இடம் எது என்று பாருங்கள். அதன் மேல்தான் உட்காருகிறோம். சைக்கிளுக்கென்று விற்கும் பஞ்சு வைத்த கால்சட்டைக்குள் உள்ளாடை போடக் கூடாது என்பதும் இந்தத் தையலுக்காகத்தான். நம் ஊர் வேர்வைக்குத் தொடையிடுக்கில் கொஞ்சம் தேங்காயெண்ணெய் போதும். அதற்கென்று விற்கும் களிம்பின் விலை எனக்கு நியாயமாகப் படவில்லை.

எதிர்வீட்டுப் பெண் பிளஸ் ஒன் படிக்கிறாள். பள்ளியில் அரசு கொடுத்த சைக்கிள். முட்டி வலிக்கிறது என்று அவள் அம்மா டாக்டரிடம் கூட்டிப்போகத் தயாரானபோது, நான் ஸ்பேனரோடு போய்ப் பார்த்தேன். சீட் அடியோடு இறங்கி ஃபிரேமில் ஒட்டிக் கிடந்தது. மூன்று அங்குலம் உயர்த்தினேன். ஏறி ஒரு சுற்றுப் போனவள், சிக்னல் மாதிரி எங்கேயாவது நிற்க வேண்டி வந்தால் கால் தரைக்கு எட்டாது என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். நிற்கும்போது சீட்டை விட்டு முன்னால் இறங்கி நிற்க வேண்டும் என்று செய்து காட்டினேன். "பாவாடையோட எப்படி அத்தை?" என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஒன்றரை அங்குலத்தில் சமாதானம் ஆனது. மீதியைப் பரீட்சை லீவில் சுடிதாரில் கற்றுக்கொள்வாளாம்.