மாண்டதெனக் கிடந்த வண்டு

மட்டக்களப்பு வாவி என்றதும் மீன்பாடலே நம் நினைவில் எழும். நிறைநிலா இரவுகளில் கல்லடிப் பாலத்தருகே தோணியை நிறுத்தி, துடுப்பை நீரினுள் இறக்கி, அதன் மறுமுனையில் செவி வைத்துக் கேட்டோர் பலர். கரையின் மணலைக் குனிந்து நோக்கியோர் சிலரே.

மீன்பாடல் கேட்க வந்த விலங்கியல் மாணவன் ஒருவனின் காலடியில் கரிய வண்டொன்று கால்களை மடக்கி அசைவற்றுக் கிடந்தது. இறந்ததெனத் துணிந்து, குறிப்பேட்டிலும் அவ்வாறே எழுதினான். எழுதி முடித்து நோக்கியபோது வண்டைக் காணவில்லை. ஈரமணலில் ஒரு துளை மட்டுமே இருந்தது.

அது ஸ்காரிட்டீஸ் என்னும் பேரினத்தைச் சேர்ந்த நிலவண்டு. அதன் உடல் மண்ணைக் குடைவதற்கென்றே அமைந்தது. முன்னங்கால்கள் அகன்றவை, பற்களுடையவை. ஒடுங்கிய இடை, வளையினுள் உடலை வளைத்துத் திரும்ப உதவும். பகலில் மண்ணுள் உறைந்து, இரவில் தன் வலிய தாடைகளாற் பிற பூச்சிகளையும் அவற்றின் குடம்பிகளையும் பற்றி உண்ணும்.

இவ்வண்டின் போலிச் சாவை முன்னரே ஆராய்ந்தவர் பிரெஞ்சு அறிஞர் ஹென்றி ஃபாபர். தென்பிரான்சின் கடற்கரை மணலில் வாழும் பெரிய ஸ்காரிட்டீஸை மல்லாத்தி வைத்து, அது மீண்டும் அசையும் வரை காலத்தைக் கணித்தார். அது சூழ்ச்சியன்று, ஒருவகை மயக்கமே என்பது அவர் முடிவு. அம்முடிவுக்கு அரிய கருவிகள் வேண்டியிருக்கவில்லை, பொறுமையே வேண்டியிருந்தது.

இலங்கை நிலவண்டுகளையும் உள்ளடக்கி எச். ஈ. அன்றூஸ் எழுதிய நூல் 1929 இல் இலண்டனில் வெளிவந்தது. வண்டுகளின் உருவமும் நிறமும் முதுகின் வரிகளும் அதில் நுணுக்கமாக விவரிக்கப்பட்டன. ஆயின், வாவிக்கரை வண்டு எம்மாதத்தில் முட்டையிடும், மாரி வெள்ளம் கரையை மூடும்போது எங்கே ஒதுங்கும் என்பவற்றைக் குண்டூசியிற் குத்திய உடல் உரைக்காது. அவற்றைக் காணும் வாய்ப்பு கரையில் வாழ்வோருக்கே உண்டு. அவ்வாய்ப்பும் நிலையானதன்று. மணல் அள்ளப்பட்டு, கரை இட்டு நிரப்பப்படின் வளையிருந்த இடமே இல்லாதொழியும். ஏட்டிலுள்ள பெயர் மட்டுமே எஞ்சும்.

மாணவன் ‘இறந்தது’ என்ற சொல்லை வெட்டிவிட்டு, நேரத்தையும் இடத்தையும் குறித்துக்கொண்டான். மறுநாளிரவு நண்பர்கள் தோணியேறினர். அவனோ அத்துளையருகே அமர்ந்திருந்தான்.