சொல்லுதலும் காட்டிக்கொடுத்தலும்

2022ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தின் ஒரு மாலையில், ஸ்காபரோவில் எங்கள் மகன் படித்துக்கொண்டிருந்த உயர்நிலைப் பாடசாலையின் நூலகத்தில் பெற்றோர் கூட்டம் ஒன்று நடைபெற்றது. பேசுபொருள் ஒன்றுதான். வாசலில் உலோகங்காட்டும் கருவியைப் பொருத்தி, மாணவர்களையும் அவர்களது புத்தகப்பைகளையும் நாள்தோறும் சோதித்து உள்ளே விடலாமா? அதே ஆண்டு பெப்ரவரி 14ஆம் திகதி ஸ்காபரோவின் வேறொரு பாடசாலைக்குள் 18 வயது மாணவர் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். கொலைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு வயது 14. அந்தச் செய்தி வந்த நாள்முதல் எங்கள் வீட்டுக் காலைகள் மாறிப்போயிருந்தன. பாடசாலைக்குள் நுழைந்துவிட்டேன் என்று மகனிடமிருந்து குறுஞ்செய்தி வரும்வரை தேநீர் தொடப்படாமல் ஆறிக்கொண்டிருக்கும். ஆகவே, சோதனையை ஆதரிப்பவர்கள் கையுயர்த்தலாம் என்று கேட்கப்பட்டபோது, நாங்கள் இருவரும் தயக்கமின்றிக் கையுயர்த்தினோம்.

கூடைப்பந்துப் பயிற்சி முடிந்து வந்த மகனை ஏற்றிக்கொண்டு வீடு திரும்பினோம். கூட்டத்தில் நடந்ததைச் சொன்னோம். சிறிது நேரம் பேசாதிருந்தவன், பின்னிருக்கையிலிருந்து சொன்னான்:

"அந்த மெஷினால ஒண்டும் நடக்காது அப்பா. ஆரிட்ட என்ன இருக்கெண்டு எங்களுக்கெல்லாம் தெரியும்."

வாகனத்தை ஓரமாக நிறுத்திவிட்டோம். மெல்ல மெல்ல விடயம் வெளிவந்தது. அவனுடைய வகுப்பில் ஒரு பையன். மாலையில் அவன் இறங்கும் பேருந்துத் தரிப்பிடத்தில் மூவர் அவனை வழிமறித்து மிரட்டுகிறார்கள். அவர்கள் இந்தப் பாடசாலையைச் சேர்ந்தவர்களும் அல்லர். அந்தப் பயத்தில் அவன் மடக்குக் கத்தி ஒன்றைப் பையின் அடியில் வைத்துக்கொண்டு திரிகிறான். மாதக்கணக்காக நடக்கும் இச்சங்கதி வகுப்பில் பாதிப்பேருக்குத் தெரியும். பெரியவர்கள் ஒருவருக்கும் தெரியாது.

"ஏன் தம்பி எங்களிட்டச் சொல்லேல்லை?"

"நீங்கள்தானே சொன்னனீங்கள், கண்டாலும் காணாத மாதிரி வா எண்டு."

உண்மைதான். அவன் நடக்கப் பழகிய காலத்திலிருந்தே நாங்கள் அதைத்தான் சொல்லி வளர்த்திருந்தோம். அந்த வாசகம் எங்களுடையதுமன்று. எங்கள் தாய்மார் எங்களுக்குச் சொன்னது.

1996இல் நாங்கள் இருவரும் யாழ்ப்பாணத்தில் உயர்தர வகுப்பில் இருந்தோம். ஒருவரையொருவர் அறியோம், ஆனால் ஒரே சோதனைச்சாவடிகளைக் கடந்து பாடசாலைக்குப் போய்வந்தோம். காவலரணுக்குச் சற்றுத் தொலைவிலேயே சைக்கிளை விட்டு இறங்கி உருட்டிக்கொண்டு போகவேண்டும். புத்தகப்பையைத் திறந்து காட்டவேண்டும். சாப்பாட்டுப் பெட்டியின் மூடியைக் கழற்ற வேண்டும். கணிதப் பெட்டியிலிருந்த கவராயத்தை ஓர் இராணுவச் சிப்பாய் நீண்டநேரம் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றமை எங்களில் ஒருவருக்கு இன்றும் நினைவிருக்கிறது. கேட்டதற்கு மட்டும் மறுமொழி, அதற்குமேல் ஒரு சொல்லும் இல்லை என்பதே அந்நாளைய விதி. அவ்வாண்டு செப்டெம்பர் 7ஆம் திகதி, பரீட்சை எழுதிவிட்டு வீடு திரும்பிக்கொண்டிருந்த மாணவி ஒருவர் செம்மணிச் சோதனைச்சாவடியில் மறிக்கப்பட்டு, வன்புணர்வுக்கு உள்ளாக்கப்பட்டுக் கொல்லப்பட்டார். தேடிச்சென்ற தாயும் தம்பியும் அயலவர் ஒருவரும் கொல்லப்பட்டனர். பாதுகாப்பின் பெயரால் நிற்கும் வாசல், எங்கள் தலைமுறையின் மனத்தில் அன்றைக்கே வேறொன்றாகிவிட்டது.

இன்னொன்றும் இருந்தது. சுற்றிவளைப்புகளில் முகம் மூடிய ஒருவர் உட்கார்ந்திருப்பார். ஊரவர் வரிசையாக அவர்முன் நடந்துபோக வேண்டும். அவர் தலையை அசைத்தால், அசைக்கப்பட்டவரின் கதை அங்கே திசைமாறும். தலையாட்டி என்றோம். அவ்வாறான காலத்தில் வளர்ந்தவர்களுக்கு, அதிகாரத்திடம் ஒன்றைச் சொல்லுதல் என்பதும் காட்டிக்கொடுத்தல் என்பதும் ஒரே செயலின் இரு பெயர்களாகிவிடுகின்றன. அந்தக் காலத்திலிருந்து உயிரோடு தப்பிவந்த நாங்கள், அதன் இலக்கணத்தை மட்டும் பத்திரமாகக் கொண்டுவந்து, கனடாவில் பிறந்த பிள்ளைக்கு வாய்ப்பாடுபோலக் கற்பித்திருக்கிறோம்.

அன்றிரவுக்குப் பின் கிடைத்தவற்றையெல்லாம் வாசித்தோம். ஐக்கிய அமெரிக்காவின் இரகசிய சேவைப் பிரிவும் கல்வித் திணைக்களமும் இணைந்து 37 பாடசாலைத் தாக்குதல்களை ஆராய்ந்து 2002இல் ஓர் அறிக்கை வெளியிட்டன. அவற்றில் 81 சதவீதமானவற்றில், தாக்குதல் எண்ணம் பற்றி இன்னொருவருக்கேனும் முன்கூட்டியே தெரிந்திருந்தது. அப்படித் தெரிந்திருந்த சம்பவங்களில் 93 சதவீதமானவற்றில், தெரிந்திருந்தவர் நண்பரோ சகமாணவரோ சகோதரரோதான். அதே இரகசிய சேவைப் பிரிவு, தடுத்து நிறுத்தப்பட்ட 67 சதித்திட்டங்களை ஆராய்ந்து 2021இல் வெளியிட்ட அறிக்கையும், இத்தகைய திட்டங்களை முதலில் அறியக்கூடியவர்கள் மாணவர்களே என்று காட்டுகின்றது. எங்கள் மகன் பின்னிருக்கையிலிருந்து சொன்னதைத்தான் இவ்வறிக்கைகளும் சொல்கின்றன.

வாசலில் நிற்கும் கருவிக்கும் எல்லை உண்டு. 2005 மார்ச் 21ஆம் திகதி மினசோட்டா மாநிலத்தின் ரெட் லேக் பூர்வகுடி நிலத்திலிருந்த உயர்நிலைப் பாடசாலையின் வாசலில் அக்கருவி இருந்தது, காவலரும் இருந்தார். துப்பாக்கியுடன் வந்த 16 வயது இளைஞன், ஆயுதமற்ற அந்தக் காவலரை முதலில் சுட்டுக் கொன்றுவிட்டு உள்ளே போனான். ஓர் ஆசிரியையும் ஐந்து மாணவர்களும் அங்கே கொல்லப்பட்டனர்.

ஆயினும் கருவியால் பயனே இல்லை என்று கூறிவிடுவது நேர்மையாகாது. 2017 செப்டெம்பரில் நியூயோர்க்கின் பிராங்ஸ் பகுதியில் 15 வயது மாணவன் ஒருவன் வகுப்பறையிலேயே கத்திக்குத்துக்கு இலக்காகி இறந்தான். அங்கே கருவி இருக்கவில்லை. இருந்திருந்தால் அந்தக் கத்தி வாசலிலேயே அகப்பட்டிருக்கலாம். அந்தப் பிள்ளையின் பெற்றோரின் முன்னால் நின்று, சோதனை கூடாது என்று சொல்லும் துணிவு எங்களுக்கு இல்லை. எங்கள் மகனின் வகுப்புத் தோழனுடைய கத்தியும் அவ்வாறே அகப்பட்டிருக்கும் என்று அவனிடம் வாதிட்டோம். "வெளியில எங்கையாவது ஒளிச்சு வைச்சிட்டு, பின்னேரம் எடுத்துக்கொண்டு போவான்" என்றான். அவனுடைய பயம் இருந்தது பேருந்துத் தரிப்பிடத்தில். பாடசாலை வாசலில் எந்தக் கருவியை வைத்தாலும் அந்தப் பயம் அதன் கண்ணுக்குத் தெரியாது.

ரொறன்ரோவுக்கு இந்தப் பாடம் புதிதன்று. 2007 மே 23ஆம் திகதி, நகரின் வடமேற்கிலுள்ள சி. டபிள்யூ. ஜெஃப்ரிஸ் பாடசாலைக்குள் 15 வயது மாணவர் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். சட்டத்தரணி ஜூலியன் ஃபால்கனர் தலைமையிலான குழு 2008 ஜனவரியில் ஐந்நூறு பக்கங்களுக்கு மேற்பட்ட அறிக்கையைச் சமர்ப்பித்தது. அவர்கள் கண்ட நோய்களுள் முக்கியமானது மௌனம். வன்முறைக்கு உள்ளான பிள்ளைகளே அதைப் பெரியவர்களிடம் சொல்வதில்லை; சொன்னவருக்குக் கெட்ட பெயர்; சொல்லியும் பயனில்லை என்ற நம்பிக்கையீனம். கடுந்தண்டனைகளும் இடைநிறுத்தங்களும் அந்த மௌனத்தை மேலும் இறுக்கின. இதே ஆண்டு ஏப்ரலில் கனடாவின் உச்ச நீதிமன்றம் இன்னொரு வழக்கில் தீர்ப்பளித்தது. 2002இல் சார்னியா நகரப் பாடசாலையொன்றில், எவர்மீதும் குறிப்பான சந்தேகமின்றிப் பொலிஸார் மோப்ப நாயைக் கொண்டு மாணவர்களின் பைகளைச் சோதித்தனர். அது சட்டத்துக்கு முரணானது என்பது தீர்ப்பு. மாணவரின் புத்தகப்பைக்கும் அந்தரங்கம் உண்டென்று ஒரு நாட்டின் உச்ச நீதிமன்றம் சொன்னதை வாசித்தபோது, சாவடி மேசைமீது கொட்டப்பட்ட எங்கள் கொப்பிகள் நினைவுக்கு வந்தன.

இவ்வளவையும் வாசித்து முடித்த பின்னும் எங்கள் முன்னாலிருந்த கேள்வி அப்படியே இருந்தது. அந்தப் பையனை என்ன செய்வது? ஒன்ராறியோவின் கல்விச் சட்டப்படி, ஆயுதம் வைத்திருக்கும் மாணவரை அதிபர் இடைநிறுத்தியாக வேண்டும்; முற்றாக விலக்குவது பற்றியும் ஆராய வேண்டும். நாங்கள் சொன்னால் அவனுடைய படிப்பு குலையக்கூடும். சொல்லாவிட்டால் ஒருநாள் அந்தக் கத்தி எவருடைய உடம்பிலாவது இறங்கக்கூடும்; அது எங்கள் பிள்ளையின் உடம்பாகவும் இருக்கலாம். இரண்டு இரவுகள் நாங்கள் மூவரும் இதையே பேசினோம். இறுதியில் மகனே ஒரு வழி சொன்னான். தனக்கு நம்பிக்கையான வழிகாட்டல் ஆசிரியை ஒருவர் இருக்கிறார். கத்தியைப் பற்றிச் சொல்லும் முன்னர் பேருந்துத் தரிப்பிடத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். தானே சொல்கிறேன், நீங்கள் பக்கத்தில் இருந்தால் போதும் என்றான்.

அப்படியே செய்தோம். அந்த ஆசிரியை இடைமறிக்காமல் கேட்டார். பையனின் தாயாரை அழைத்தார். சட்டம் தன் வேலையைச் செய்தது. அவன் சில நாட்கள் இடைநிறுத்தப்பட்டான். ஆனால் வெளியேற்றப்படவில்லை. மிரட்டியவர்களைப் பற்றியும் விசாரணை நடந்தது. மாலையில் அவனை அழைத்துச் செல்ல உறவினர் ஒருவர் வரத் தொடங்கினார். அவன் திரும்பி வந்தான். எங்கள் மகனுடன் அதன்பின் பேசவேயில்லை. வகுப்பில் சிலர் எங்கள் மகனுக்கு ஒரு பட்டப்பெயரும் வைத்தார்கள். அது ஆங்கிலச் சொல்; தமிழில் அதற்கு நேரான சொல் எங்களுக்குத் தெரியும். அதை அவனிடம் சொல்லவில்லை.

நாங்கள் செய்தது சரிதானா என்று மகன் ஒருமுறை கேட்டான். சரிதான் என்றோம். எங்கள் குரலில் போதிய உறுதி இருந்ததா என்பது அவனுக்குத்தான் தெரியும். தலையாட்டி முகத்தை மூடிக்கொண்டிருந்தார். நீ முகத்தைக் காட்டிக்கொண்டு, அவனுடைய பயத்தையும் சேர்த்துச் சொன்னாய் என்று அவனுக்கு விளக்கியிருக்கலாம். அந்தக் கதைகளை அவனுக்கு அதுவரை நாங்கள் சொல்லியதேயில்லை. அதற்குப் பிறகுதான் சொல்லத் தொடங்கினோம்.

அடுத்த கூட்டத்தில் மீண்டும் அதே கேள்வி வந்தது. இம்முறை எங்கள் கைகள் மடியிலேயே இருந்தன. அந்தச் செலவில் இன்னும் இரண்டு வழிகாட்டல் ஆசிரியர்களை நியமிக்க முடியாதா என்று கேட்டோம். கருவிக்கும் பணமில்லை, ஆசிரியர்களுக்கும் பணமில்லை என்று பதில் வந்தது. வெளியே வந்தபோது முதற்பனி தூறிக்கொண்டிருந்தது. மகன் வாகனத்தருகே காத்து நின்றான். "என்ன சொன்னவை?" என்று கேட்டான். ஒன்றும் மறைக்காமல் முழுவதையும் சொல்லிக்கொண்டு வந்தோம்.