பெயரில் பாதி

என் முழுப் பெயர் ஃபக்ருன்னிசா. பெங்களூர் சிவாஜி நகரில் என்னைப் பள்ளியில் சேர்த்தபோது, "இவ்வளவு நீளமாக யார் எழுதுவது?" என்று சொல்லி, பதிவேட்டில் 'பக்ரு' என்று முடித்துவிட்டார்கள். சான்றிதழ், ரேஷன் கார்டு, வங்கிக் கணக்கு எல்லாவற்றிலும் அந்தப் பாதிப் பெயர்தான். முழுப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் நன்னி ஒருவர்தான். பெயர் வைத்தவரும் அவரே.

"திப்புவைப் பெத்தவ பேரு" என்பார். ஆற்காட்டை அடுத்த மேல்விஷாரம் அவருக்குச் சொந்த ஊர். ஹைதர் அலியின் மனைவி ஃபாத்திமா ஃபக்ருன்னிசா, ஆற்காட்டில் அடங்கியிருக்கும் திப்பு மஸ்தான் அவுலியாவிடம் வேண்டிக்கொண்டு பெற்ற பிள்ளை என்பதால்தான் மகனுக்குத் திப்பு என்று பெயர் வந்தது என்பது எங்கள் பக்கத்துப் பேச்சு. அந்தப் பிள்ளை பிறந்தது, இன்று பெங்களூர் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் தேவனஹள்ளியில்.

ஸ்ரீரங்கப்பட்டணத்தில் 1780-களில் திப்பு கட்டிய கும்பஸுக்குப் பலமுறை போயிருக்கிறேன். உள்ளே மூன்று சமாதிகள்: ஹைதர், திப்பு, ஃபக்ருன்னிசா. வருகிறவர்கள் முதல் இரண்டு பெயர்களைக் கேட்டுக்கொள்வார்கள். மூன்றாவது பெயரை விசாரிப்பவர்கள் குறைவு.

பெயரின் அர்த்தத்தை நான் தெரிந்துகொண்டது நாற்பது வயதுக்கு மேல். அரபியில் 'ஃபக்ர்' என்றால் பெருமை. 'நிசா' என்றால் பெண்கள். குர்ஆனின் நான்காவது அத்தியாயத்தின் பெயரும் அதுதான். இரண்டையும் இணைக்கும் 'அல்', பின்னால் வரும் 'ந'வோடு சேர்ந்து 'உன்' ஆகிவிடுகிறது. ஆக, பெண்குலத்தின் பெருமை. நூர்ஜஹானின் இயற்பெயரான மெஹருன்னிசாவும் அவுரங்கசீப்பின் மகள் ஜெபுன்னிசாவின் பெயரும் இதே வார்ப்புதான். துருக்கியில் 1901-இல் பிறந்து உலகப் புகழ் பெற்ற ஓவியர் ஃபஹ்ரெல்னிசா ஸெய்தின் பெயரோ, உச்சரிப்பு மாறிய என் பெயரேதான்.

ஐந்தாவது குடியரசுத் தலைவர் பக்ருதீன் அலி அகமதுவின் பெயரிலும் அதே 'ஃபக்ர்' உண்டு. அங்கே அது மார்க்கத்தின் பெருமை. அப்போதுதான் உறைத்தது. என் பெயரில் பெருமையை விட்டுவைத்து, பெண்களை மட்டும் வெட்டியிருக்கிறார்கள்.

போன மாதம் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. "சனா, சாரான்னு ரெண்டெழுத்துல வெச்சா என்ன உம்மா? பாஸ்போர்ட்டுல தகராறு வராது" என்றாள். அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. நான் வற்புறுத்தவில்லை, அர்த்தத்தை மட்டும் சொன்னேன். கொஞ்ச நேரம் தொட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் பிறப்புப் பதிவுக்கு அவளோடு நானும் போனேன். ஊழியர் பேனாவை எடுத்து, "ஹெசரு?" என்று கேட்டார். மகள்தான் பதில் சொன்னாள், ஒவ்வொரு எழுத்தாக. கடைசி இரண்டு எழுத்தை மட்டும் இரண்டு தடவை சொன்னாள்.