25 எச்7: எந்த விட்டம்?

சிஎம்எம் (ஆய அளவீட்டு மெஷின்) ரிப்போர்ட்டில் போரின் (துளையின்) விட்டம் 25.008 மி.மீ. டிராயிங் கேட்பது 25 எச்7, அதாவது 25.000 முதல் 25.021 வரை. ஆனால் கோ பிளக் கேஜ் உள்ளே போக மாட்டேன் என்கிறது. கேஜ் தேய்ந்திருக்கிறது என்பார் ஒருவர், மெஷினைக் காலிபரேட் செய்யுங்கள் என்பார் இன்னொருவர். கோவை, ஓசூர் மெஷின் ஷாப்களில் அளவுக்கூடம் பார்ப்பவர்களுக்குப் பழகிய வாக்குவாதம் இது. பல நேரங்களில் இரண்டு கருவியும் சரியாகத்தான் இருக்கும்.

மெல்லிய சுவருள்ள வளையத்தை மூன்று தாடை சக்கில் இறுக்கிப் பிடித்துக் கடைந்தால், கழற்றியதும் போர் மூன்று மேடும் மூன்று பள்ளமுமாக மாறிவிடும். ஆரம் சராசரியிலிருந்து மேலும் கீழும் 6 மைக்ரான் வீதம் ஏறி இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு மேட்டுக்கும் நேர் எதிரே ஒரு பள்ளம் இருப்பதால், இருமுனை போர் டயல் கேஜை எப்படித் திருப்பினாலும் 25.008தான் காட்டும். சிஎம்எம் மென்பொருள் வழக்கமாகப் பொருத்தும் லீஸ்ட் ஸ்கொயர் (சராசரி) வட்டமும் அதையேதான் சொல்லும். மூன்று மேடுகளுக்கும் நடுவே நுழையக்கூடிய மிகப்பெரிய வட்டமோ 24.996. பிளக் கேஜ் உணர்வது அதைத்தான்.

வெப்பநிலையைப் பற்றி எல்லாரும் கவலைப்படுகிறார்கள், பட வேண்டியதுதான். ஆனால் 25 மி.மீ. எஃகு 10 டிகிரி சூட்டுக்கு சுமார் 3 மைக்ரான்தான் வளரும். இங்கே கணக்கிடும் முறையை மாற்றியதும் விடை 12 மைக்ரான் நகர்ந்துவிட்டது.

புள்ளிகளின் எண்ணிக்கை இதைவிடப் பெரிய பொறி. அவசரத்தில் 90 டிகிரிக்கு ஒன்றாக 4 புள்ளி தொடுவது பலருக்கு வழக்கம். இந்த மூன்று மேட்டுப் போரில் அப்படித் தொட்டால், வடிவப் பிழை முழுவதும் மையத்தின் நகர்வாகக் கணக்கில் கரைந்துவிடும். வட்டத்தன்மைப் பிழை ஏறக்குறைய பூஜ்யம் என்று ரிப்போர்ட் வரும், மையமும் 6 மைக்ரான் தள்ளி நிற்கும். 3 புள்ளி என்றால் இன்னும் மோசம்: தொட்ட இடத்தைப் பொறுத்து 24.996 முதல் 25.020 வரை எந்த விட்டமும் கிடைக்கலாம். மூன்று மேட்டை உறுதியாகப் பிடிக்க, சம இடைவெளியில் 7 புள்ளியாவது வேண்டும். ஸ்கேன் செய்யும் வசதி இருந்தால் அதுவே நல்லது.

கோ கேஜ் முழு வடிவத்தையும் ஒரே நேரத்தில் சோதிக்க வேண்டும், நோ-கோ ஒவ்வொரு அளவையும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும் என்ற கொள்கையை 1905லேயே முன்வைத்தவர் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரத்து வில்லியம் டெய்லர். அமெரிக்காவின் ஏஎஸ்எம்இ ஒய்14.5 தரநிலையின் முதல் விதி இந்த முழு வடிவ வரம்பை, அதாவது உறையை, இயல்பாகவே கேட்கிறது. 2010இல் வந்து 2016இல் திருத்தப்பட்ட ஐஎஸ்ஓ 14405-1 அப்படியல்ல. வேறு குறிப்பு இல்லாவிட்டால் இருமுனை அளவு போதும் என்கிறது. உறை வேண்டுமென்றால் டிராயிங்கில் வட்டத்துக்குள் 'இ' போட வேண்டும். ஆக, நம் போர் ஐஎஸ்ஓ டிராயிங்கில் பாஸ், அமெரிக்க டிராயிங்கில் ரிஜெக்ட். டைட்டில் பிளாக்கைப் படிக்காமல் புரோப்பை இறக்குபவர் தீர்ப்பைக் குருட்டாம்போக்கில் சொல்கிறார்.

பொருத்தம் முக்கியமான போருக்கு மேக்ஸிமம் இன்ஸ்கிரைப்ட் (உள்ளே நுழையும் மிகப்பெரிய வட்டம்), ஷாஃப்டுக்கு மினிமம் சர்கம்ஸ்கிரைப்ட் (வெளியே சூழும் மிகச்சிறிய வட்டம்) என்ற தெரிவு பெரும்பாலான மென்பொருள்களில் இருக்கிறது. அதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக்கூடாது. ஒரு சிம்புத் துணுக்கு ஒட்டியிருந்தாலே நல்ல போர் ரிஜெக்ட் ஆகிவிடும். புள்ளி குறைந்தால், மேட்டின் உச்சி தப்பிப்போய் கெட்ட போர் பாஸ் ஆகிவிடும். எனவே முதலில் துடைக்க வேண்டும், பிறகு நிறையப் புள்ளி எடுத்து, பொருத்தமான ஃபில்டர் போட வேண்டும்.

விட்டத்துக்குப் பக்கத்திலேயே கணக்கிட்ட முறை, புள்ளிகளின் எண்ணிக்கை, ஃபில்டர் மூன்றும் ரிப்போர்ட்டில் அச்சாக வேண்டும். டெம்பிளேட்டை ஒருமுறை மாற்றிவிட்டால் போதும். அவை இல்லாமல் வரும் ரிப்போர்ட்டை வாடிக்கையாளர்கள் கையெழுத்திடாமல் திருப்பி அனுப்ப வேண்டும்.