முகமூடிக்காரர்கள்

டெட்ராய்ட் என்றால் கார். டெக்னோ இசையும் அந்த ஊர்ச் சரக்குதான். பெரும்பாலும் பாட்டுக் கிடையாது. மெஷின் தாளம், சிந்தசைசர், அவ்வளவே. பத்து நிமிஷத்துக்கு மேல் எனக்குத் தாங்காது. இருந்தாலும் அதை உண்டாக்கிய கறுப்பின இளைஞர்களின் பிடிவாதம் பிடிக்கும்.

பெரிய கம்பெனி வாசலில் எதுக்குக் காத்துக் கிடக்கணும் என்று ஹுவான் அட்கின்ஸ் 1985-ல் 'மெட்ரோப்ளெக்ஸ்' என்று சொந்த லேபிளே ஆரம்பித்தார். உள்ளூரில் 'ஆர்ச்சர்' என்று ஒரு குடும்பத் தொழிற்சாலை, டெக்னோ இசைத்தட்டுகளை அடித்துக் கொடுத்தது. பின்னால் மைக் பேங்க்ஸும் ஜெஃப் மில்ஸும் தொடங்கிய 'அண்டர்கிரவுண்ட் ரெசிஸ்டன்ஸ்' இன்னும் முறுக்கு. போட்டோ என்றால் முகமூடி. இசையைக் கேளு, மூஞ்சி எதுக்கு என்கிற கட்சி.

1999-ல் இவர்கள் லேபிளில் டி.ஜே. ரொலாண்டோ தந்த 'ஜாகுவார்', கிளப்புகளில் சக்கைப்போடு போட்டது. சோனியின் ஜெர்மன் கிளைக்கு ஆசை வந்துவிட்டது. இவர்கள் சம்மதம் இல்லாமலே அச்சு அசலாக ஒரு நகல் செய்தார்கள். (தொழிலில் இதற்கு 'கவர் வெர்ஷன்' என்று கௌரவமான பெயர்.) ரசிகர்கள் ஈமெயிலில் பொரிந்து தள்ளினார்கள். டெட்ராய்ட்காரர்கள் அதே இசையைப் புது வடிவங்களில் இன்னொரு தட்டாகப் போட்டார்கள். தலைப்பு: 'ஜாகுவாரின் பழிவாங்கல்'.