ஓரியின் மலையில் சாமைச் சோறு

கொல்லிமலை அடிவாரத்தில், காரவள்ளியில் பஸ் சற்று நின்றது. டிரைவர் முகம் கழுவி, தண்ணீர் குடித்துவிட்டு ஏறினார். அங்கிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். 30 தாண்டியதும் காது அடைத்தது. 50 தாண்டியபோது நாமக்கல் வெயில் எங்கோ கீழே தங்கிவிட்டது. ஜன்னலோரம் குளிர்ந்த காற்று. முன்சீட்டில் கூடையை மடியில் வைத்திருந்த பெண் அத்தனை வளைவுக்கும் அசையாமல் தூங்கிக்கொண்டே வந்தார். அவருக்கு அது வீட்டுக்குப் போகிற வழி.

கொல்லிமலை வல்வில் ஓரியின் மலை. அவன் கடையெழு வள்ளல்களில் ஒருவன். செம்மேட்டில் அவனுக்குச் சிலை இருக்கிறது. ஆடி 17, 18 தேதிகளில் விழா எடுக்கிறார்கள். அவன் விட்ட ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி எல்லாவற்றையும் துளைத்துப் புற்றிலிருந்த உடும்பில் போய்த் தைத்தது என்று புறநானூற்றில் வன்பரணர் பாடியிருப்பது பலருக்கும் தெரியும். என்னை நிறுத்திவைத்தது அந்தப் பாட்டின் பிற்பகுதி. பாணர்கள் புகழ்ந்து பாடியதும் அவன் நாணிப்போகிறான். காட்டிலேயே மான் இறைச்சியும் தேறலும் கொடுத்து அவர்கள் பசியை ஆற்றுகிறான். பிறகுதான் பொன்னும் மணியும். வில்லாற்றலைவிட இந்த வரிசைமுறை எனக்குப் பெரிதாகப் படுகிறது. பின்னாளில் மலையமான் திருமுடிக்காரி ஓரியைக் கொன்று கொல்லியைச் சேரனுக்குக் கொடுத்தான். மலை கைமாறியது, பேர் மாறவில்லை. இன்றும் இது ஓரியின் மலைதான்.

மறுநாள் காலை அறப்பளீசுவரரைக் கும்பிட்டுவிட்டு ஆகாய கங்கை அருவிக்கு இறங்கினோம். அம்பலவாணக் கவிராயர் சதகம் பாடியது இந்தச் சாமி மேல்தான். கோயிலை ஒட்டி ஓடும் ஐயாற்றில் மீன்களுக்குப் பொரி போடுகிறார்கள். அறுத்த மீன் மறுபடி பொருந்தித் துள்ளி ஓடியது என்ற கதை இருப்பதால் யாரும் இவற்றைப் பிடிப்பதில்லை. அதே ஐயாறுதான் சற்றுத் தள்ளி ஏறக்குறைய 300 அடி உயரத்திலிருந்து அருவியாக விழுகிறது. அங்கே போக ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். அருவி கண்ணில் படும் முன்பே சத்தம் வந்துவிடும், அப்புறம் சாரல். கடைசி வளைவில் திரும்பியதும் சட்டை நனைந்துவிட்டது. மழையா, அருவியா என்று அண்ணாந்து பார்த்தேன். வானம் வெளுப்பாகத்தான் இருந்தது.

இறங்கியதை ஏற வேண்டுமே! இருபது படிக்கு ஒருமுறை உட்கார்ந்தோம். மேலே வந்து சேர்ந்ததும் ஒரு தள்ளுவண்டியில் ஆவி பறந்தது. முடவாட்டுக்கால் சூப். பாறையில் படர்ந்து வளரும் இந்தக் கிழங்கின் மேல் பழுப்பு நிற ரோமம். கையில் எடுத்தால் ஆட்டுக்கால்தான் என்று நம்பிவிடுவோம். தோலைச் சுரண்டி, நசுக்கி, மிளகு, சீரகம், பூண்டு, சின்ன வெங்காயம் தட்டிப் போட்டுக் கொதிக்க வைக்கிறார்கள். மிளகு இந்த மலையிலேயே விளைவது. தொண்டையில் இறங்கும்போதே தெரிகிறது. மூட்டுவலிக்குக் கேட்கும் என்கிறார்கள். என் முழங்காலுக்கு அந்த நேரத்தில் அந்தச் சூடே போதுமாக இருந்தது.

மதியம் வளப்பூர் நாட்டுப் பக்கம் நடந்தோம். இங்கே ஊர்த்தொகுதிகளுக்கு நாடு என்றே பெயர்: வாழவந்தி நாடு, அரியூர் நாடு, சேலூர் நாடு. மக்கள் மலையாளிகள். கேரளத்துக்காரர்கள் அல்ல, மலையை ஆளுகிற, தமிழ் பேசும் பழங்குடிகள். ஒரு வீட்டு வாசலில் ஆயா ஒருவர் முறத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்தார். கடுகைவிடக் கொஞ்சம் பெரிய மணி, அதன் மேல் வழுவழுப்பான உமி. ஒவ்வொரு தட்டலிலும் உமி முன்னால் பறக்க, அரிசி பின்னால் ஒதுங்கியது. குத்தி, புடைத்து, மறுபடி குத்தினால்தான் சோறு.

"சாப்புட்டியா கண்ணு?" என்றார். இல்லை என்றதும் வேறு பேச்சே இல்லை. சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் வந்தன. சோறு உதிரியாக, லேசான புல் வாசத்தோடு இருந்தது. இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். காசை நீட்டியபோது கையைத் தள்ளிவிட்டார்.

"இப்பல்லாம் யாரு சாமி சாமை போடறாங்க? கெழங்குதான் காசு" என்றார். உண்மைதான். சேலம், நாமக்கல் ஜவ்வரிசி ஆலைகளுக்கு மரவள்ளி வேண்டும். அதனால் சாமை விளைந்த சரிவுகளில் இன்று மரவள்ளி நிற்கிறது. அந்தக் குடும்பங்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. பள்ளிக்கூடச் செலவுக்குச் சாமை காசாகாது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து இங்கே சிறுதானிய விதைகளைக் காக்கவும், உமி நீக்கும் இயந்திரங்களைக் கொண்டுவந்து பெண்களின் உலக்கை வேலையைக் குறைக்கவும் பாடுபட்டிருக்கிறது. ஆனால் வாங்குகிறவன் இல்லாமல் எந்த விதையும் நிலைக்காது.

கிளம்பும்போது இரண்டு கிலோ சாமையைக் காசு கொடுத்துத்தான் எடுப்பேன் என்று பிடிவாதம் பிடித்தேன். ஆயா சிரித்துக்கொண்டே படியால் அளந்து, மேலே ஒரு கை கூடப் போட்டார்.

கொல்லிமலைக்குப் போகிறவர்கள் அருவி பார்த்த கையோடு திரும்பிவிடாதீர்கள். ஒரு வேளை சாமைச் சோறு சாப்பிடுங்கள். விளைவித்தவர்கள் கையிலிருந்தே, பேரம் பேசாமல், உங்கள் வீட்டுக்கும் கொஞ்சம் வாங்கி வாருங்கள்.