பள்ளத்தூர் ஆச்சி

செட்டிநாட்டுப் பக்கம் நகரத்தார் வீட்டுப் பெண்களை "ஆச்சி" என்று கூப்பிடுவார்கள். வீட்டு வேலைக்கு வருபவருக்கும் சரி, காய்கறி கொண்டு வருபவருக்கும் சரி, அந்த வீட்டு அம்மா ஆச்சிதான். (திருநெல்வேலிப் பக்கம் ஆச்சி என்றால் பாட்டி. அது வேறு கதை.) ஆனால் தமிழ்நாட்டில் யாரிடமாவது வெறுமனே "ஆச்சி" என்று சொல்லிப் பாருங்கள். மசாலாத்தூள் நினைவுக்கு வராவிட்டால் மனோரமாதான் நினைவுக்கு வருவார்!

இதில் வேடிக்கை என்னவென்றால், மனோரமா செட்டிநாட்டில் பிறந்தவரும் இல்லை, நகரத்தாரும் இல்லை. ஆச்சிகளின் வீடுகளில் வேலை பார்த்த ஒரு அம்மாவின் மகள்.

1937 மே 26-ல் மன்னார்குடியில் பிறந்தார். இயற்பெயர் கோபிசாந்தா. அப்பா, அம்மாவின் தங்கையையே இரண்டாவதாகக் கட்டிக்கொண்டார். அதற்கு மேல் அந்த வீட்டில் இருக்க முடியாமல், அம்மா ராமாமிர்தம் கைக்குழந்தையோடு காரைக்குடிக்குப் பக்கத்தில் உள்ள பள்ளத்தூருக்கு வந்துவிட்டார். வீட்டு வேலை செய்துதான் மகளை வளர்த்தார். பிறகு அவருக்கும் உடம்பு முடியாமல் போனது. 11 வயதில் மகளின் படிப்பு நின்றது. ஒரு வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போனார் கோபிசாந்தா.

அந்த ஊருக்கு 'அந்தமான் காதலி' என்ற நாடகம் போட வந்தார்கள். அதில் நடிக்க வேண்டிய பெண்ணுக்குப் பாட்டு சரியாக வரவில்லை. உள்ளூரில் நன்றாகப் பாடும் பெண் ஒருத்தி இருக்கிறாள் என்று யாரோ சொல்ல, கோபிசாந்தா மேடை ஏறினார். மனோரமா என்ற பெயரும் நாடகக்காரர்கள் வைத்ததுதான். அப்புறம் வைரம் நாடக சபா, எஸ்.எஸ்.ராஜேந்திரன் நாடகக் குழு என்று ஊர் ஊராக மேடைகள்.

சினிமாவுக்குக் கூட்டி வந்தவர் கவிஞர் கண்ணதாசன். அவரும் செட்டிநாட்டுக்காரர், சிறுகூடல்பட்டி. 1958-ல் அவர் எடுத்த 'மாலையிட்ட மங்கை'யில் மனோரமாவுக்குக் கொடுத்தது காமெடி வேஷம். நாடகத்தில் கதாநாயகியாக நடித்தவருக்கு இது பிடிக்குமா? கதாநாயகி என்றால் நாலைந்து வருஷம்தான், காமெடி என்றால் ரொம்ப காலம் நிற்கலாம் என்று கவிஞர் சமாதானம் சொன்னதாக மனோரமாவே பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

வியாபாரக் கணக்காகப் பார்த்தால் கவிஞர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. 1985-ல் 1000 படங்களைத் தாண்டியதற்காகக் கின்னஸ் சாதனை. 2013-ல் வந்த 'சிங்கம் 2' வரை நடித்தார். ஆனால் இந்தக் கணக்கில் ஒரு நஷ்டமும் உண்டு. 1963-ல் 'கொஞ்சும் குமரி'யில் கதாநாயகியாக நடித்தார். அப்புறம் அந்தக் கதவு ஏறக்குறைய மூடியே போனது. ஒரு முழுப் படத்தைத் தோளில் சுமக்கிற கனமான வேஷங்கள் தொடர்ந்து கிடைத்திருந்தால் என்ன செய்திருப்பார் என்பது யாருக்கும் தெரியாமலே போய்விட்டது.

ஆனால் கிடைத்த இடத்தில் என்னவெல்லாம் செய்தார்! 1968-ஐ மட்டும் எடுத்துக்கொள்வோம். 'பொம்மலாட்டம்' படத்தில் சோவுடன் சேர்ந்து சென்னைத் தமிழில் வெளுத்துக் கட்டினார். அதே வருஷம் 'தில்லானா மோகனாம்பாள்' படத்தில் ஜில் ஜில் ரமாமணி. எதிரே சிவாஜி, பத்மினி என்று இரண்டு மலைகள். ரமாமணி கிராமங்களில் ஆடிப் பாடிப் பிழைக்கிற நாடகக்காரி. கொஞ்சம் அலட்டல், கொஞ்சம் வெகுளித்தனம், உள்ளுக்குள் ஈரம். அந்த மேடைகளில் இருந்தே வந்தவருக்கு இதை யாராவது சொல்லித்தர வேண்டுமா என்ன?

எந்த வட்டாரப் பேச்சையும் அப்படியே பிடித்துவிடும் காது அவருக்கு. ஒரு வானொலி நாடகத்தில் செட்டிநாட்டுப் பேச்சைப் பேசியதால்தான் "ஆச்சி" என்ற பெயரே ஒட்டிக்கொண்டது என்று சொல்வார்கள். வேலை செய்யப் போன வீடுகளில் சின்ன வயசில் கேட்ட பேச்சு அது.

1986-ல் 'சம்சாரம் அது மின்சாரம்' வந்தது. காரைக்குடிக்காரர் மெய்யப்பச் செட்டியார் தொடங்கிய ஏவிஎம்மின் படம். இதில் மனோரமா வேலைக்காரி கண்ணம்மா. விசுவின் குடும்பம் துண்டு துண்டாக உடையும்போது அந்த வீட்டில் நியாயம் பேசுகிறவர் இந்தக் கண்ணம்மாதான். கிஷ்முவோடு அவர் மோதும் அந்த ஒரு காட்சிக்காகவே டிவியில் எத்தனை தடவை போட்டாலும் பார்க்கலாம். சிரிப்பு வேலைக்காரிகள் தமிழ் சினிமாவில் ஏராளம். தலை நிமிர்ந்து பேசும் வேலைக்காரியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

சறுக்கலும் உண்டு. 1996 தேர்தலில் அ.தி.மு.க.வுக்குப் பிரசாரம் செய்தார். ரஜினியை மேடையில் கடுமையாகப் பேசினார். அந்தத் தேர்தலில் அ.தி.மு.க. தோற்றது. ஆயிரம் படம் நடித்தவருக்குப் பட வாய்ப்புகள் நின்றுபோயின! அரசியல் மேடையில் பேசியதற்குத் தொழிலையே பிடுங்குவது என்ன நியாயம் என்று தெரியவில்லை. கடைசியில் 1997-ல் 'அருணாச்சலம்' படத்துக்கு அவரைக் கூப்பிட்டவர் ரஜினிதான். பாராட்ட வேண்டிய விஷயம்தான். ஆனால் திட்டு வாங்கியவரே வந்து கூப்பிடும் வரை மற்றவர்கள் எல்லாம் சும்மா இருந்தார்கள் என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

அண்ணா, கருணாநிதியோடு நாடகத்தில், எம்.ஜி.ஆர்., என்.டி.ராமாராவ், ஜெயலலிதாவோடு சினிமாவில் என ஐந்து முதல்வர்களுடன் நடித்தவர் அவர். 1989-ல் வந்த 'புதிய பாதை'க்காகத் தேசிய விருதும், 2002-ல் பத்மஸ்ரீயும் கிடைத்தன. 2015 அக்டோபர் 10-ல் சென்னையில் காலமானார். தியாகராய நகர் வீட்டில் அஞ்சலி செலுத்த அப்போதைய முதல்வர் ஜெயலலிதா வந்தார். ரஜினியும் வந்தார்.